அலையும் எஞ்சினும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதில் சொல்லும் போக்கில், பவர் போட் பந்தயம் என்று ஒன்று உண்டு, அதில் டொனால்ட் கேம்பல் என்று ஒருவர் இருந்தார் என்று இரண்டு வரி எழுதினேன். அவ்வளவுதான், நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரைக்கும் கடிதம் வந்துவிட்டது. அதனால் இந்த முறை முழுக்க அதுவே. எஞ்சின் கோளாறு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது இப்போதே எஞ்சின் சூடாகி நிற்கிறது என்றால் தண்ணீர் பம்பின் இம்பெல்லரை முதலில் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

கடியபட்டணத்திலிருந்து ஒரு வாசகர்: கேம்பல் தண்ணீரில் ஏழு முறை உலக சாதனை செய்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு அனுபவம் உள்ளவர் ஒரு ஏரியில் எப்படி இறந்தார்? கடல்கூட இல்லையே.

ஏரிதான். இங்கிலாந்தின் வடமேற்கில் மலைகளுக்கு நடுவே நீளவாக்கில் கிடக்கிற கோனிஸ்டன் ஏரி. எட்டு கிலோமீட்டர்தான் நீளம், நம் கடலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது குளம் மாதிரிதான் தெரியும். ஆனால் மணிக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் போகிற படகைத் தூக்கி எறிய ஒரு சாண் உயர அலை போதும்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இந்த விபத்து புரியாது. சாதனை என்று எழுதிக்கொள்ள வேண்டுமானால், அளந்து வைத்த ஒரு கிலோமீட்டர் தூரத்தைப் போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை என்று ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முறை ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. காற்று ஒரு பக்கம் தள்ளிவிட்டதால் மட்டும் யாரும் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. 1967 ஜனவரி 4 காலையில் புளூபேர்ட் கே7 என்ற ஜெட் படகில் கேம்பல் முதல் ஓட்டத்தை 479 கிலோமீட்டர் வேகத்தில் முடித்தார். அவருடைய முந்தைய சாதனை 1964 டிசம்பர் 31-ம் தேதி ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் செய்தது, அது 444 கிலோமீட்டர் சொச்சம். அப்படியென்றால் திரும்பி வரும் ஓட்டம் ஒழுங்காக முடிந்தாலே போதும். கையில் நேரமும் இருந்தது. மறுமுனையில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, தான் கிளப்பிய அலை அடங்கும்வரை நிற்பதுதான் வழக்கம். அன்றைக்கு அவர் நிற்கவில்லை. உடனே திருப்பிக்கொண்டு வந்தார். படகு துள்ள ஆரம்பித்தது, முன்பக்கம் மேலே எழும்பியது, அப்படியே ஆகாயத்தில் ஒரு குட்டிக்கரணம் அடித்துத் தண்ணீரில் மோதி உடைந்தது. அவருக்கு வயது 45.

ஏன் நிற்காமல் திரும்பினார், அலை மட்டும்தான் காரணமா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. எரிபொருள் குறைந்து படகு இலேசாகிவிட்டது என்கிறார்கள், எஞ்சின் ஒரு கணம் அணைந்தது என்கிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் நான் இதை முதன்முதலாகப் படித்தபோது மணக்குடிப் பொழிமுகத்தில் அப்பா என்னைத் திட்டினதுதான் காதில் கேட்டது. புது எஞ்சின் மாட்டின சந்தோஷத்தில் வள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வந்த தடத்திலேயே திரும்பி ஏறினேன், வள்ளத்தின் முன்பக்கமான அணியம் தூக்கிப் போட்டது. "நீ கலக்குன தண்ணியில நீயே ஏறாதல, அது தணியட்டு" என்றார். அப்பாவுக்கு கேம்பல் யார் என்றே தெரியாது.

அந்தக் கதையில் என் மனதில் நிற்கிறவர் கேம்பலைவிட லியோ வில்லா என்கிற மெக்கானிக். டொனால்டின் அப்பா மால்கம் கேம்பல் காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்தோடு இருந்தவர். 1939-ல் மால்கம் இதே கோனிஸ்டனில் 228 கிலோமீட்டர் வேகத்தில் சாதனை செய்தபோதும் வில்லாதான் எஞ்சின் பார்த்தார், மகனுக்கும் அவரேதான். அந்த ஜனவரி காலையிலும் அவர் அங்கே இருந்தார். உடைந்த படகைச் சுற்றிக் கடைசியில் மிதந்தது கேம்பல் ராசிக்காக எப்போதும் கூட வைத்திருந்த ஒரு சின்னக் கரடி பொம்மை. அதை எடுத்துவிட்டார்கள், ஆளை எடுக்க முடியவில்லை. 34 வருடம் கழித்து, 2001 மார்ச்சில் பில் ஸ்மித் என்கிற முக்குளிப்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் படகை மேலே கொண்டுவந்தார்கள், மே மாதம் உடலையும் கண்டெடுத்தார்கள். இப்போது கோனிஸ்டன் ஊர்க் கல்லறையில் இருக்கிறார். படகை வருடக்கணக்கில் செப்பனிட்டு 2018-ல் ஸ்காட்லாந்தில் ஒரு ஏரியில் மறுபடி ஓட்டிக் காட்டினார்கள், 2024-ல் அது கோனிஸ்டன் ஊர் அருங்காட்சியகத்துக்கே திரும்பி வந்தது. கடலில் போனவர் திரும்பாத வீடுகள் நம் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். 34 வருடம் கழித்தாவது அடக்கம் பண்ண ஓர் உடல் கிடைத்தது என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாகர்கோவிலிலிருந்து ஒரு மாணவர்: மோட்டார் படகுப் போட்டி ஒலிம்பிக்கில் இருந்திருக்கிறதா?

ஒரே ஒரு தடவை, 1908 லண்டன் ஒலிம்பிக்கில். இங்கிலாந்தின் தென்கரையில் சவுத்தாம்ப்டன் பக்கம் நடத்தினார்கள். காற்று அடித்த அடியில் மூன்று பிரிவிலும் ஒவ்வொரு படகுதான் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. இரண்டு பிரிவில் ஜெயித்த ஜைரினஸ் படகில் மூன்று பேர், அதில் ஒருவருக்கு உள்ளே ஏறின தண்ணீரை இறைத்து ஊற்றுவதே வேலையாக இருந்ததாம். அவருக்கும் தங்கப் பதக்கம் உண்டு. தண்ணீர் இறைக்கிறவனுக்கும் பங்கு என்பது நம் கரையில் எப்போதும் உள்ளதுதானே.

தக்கலையிலிருந்து ஒரு வாசகர்: வீட்டுக் கொல்லையில் கட்டிய படகு உலக சாதனை செய்தது என்று ஒரு நண்பர் சொல்கிறார். நம்ப முடியவில்லை.

நம்புங்கள். கென் வார்பி, ஆஸ்திரேலியாக்காரர், 1939-ல் பிறந்தவர். சிறு வயதில் டொனால்ட் கேம்பல்தான் அவருக்கு நாயகன். சிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில், கூரைகூடச் சரியாக இல்லாத இடத்தில், மரம், பிளைவுட், பைபர் கண்ணாடி இவற்றை வைத்துத் தானே வரைந்து தானே கட்டினார். பெயர் ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா. எஞ்சின் ஆஸ்திரேலிய விமானப்படை வேண்டாம் என்று ஏலத்தில் விட்ட பழைய ஜெட் எஞ்சின். பகலில் கருவிகள் விற்கும் விற்பனையாளர் வேலை, மீதி நேரத்தில் ஓவியம் வரைந்து கடைத்தெருவில் விற்று அந்தப் பணத்தையும் படகில் போட்டார். 1977 நவம்பரில் புளோவரிங் அணையில் 464 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனையைப் பிடித்தார். அதோடு நிற்கவில்லை, 1978 அக்டோபர் 8-ம் தேதி அதே அணையில் 511 கிலோமீட்டர். இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை.

முயற்சி செய்தவர்கள் இருந்தார்கள். 1967-ல் சாதனை வைத்திருந்த அமெரிக்கர் லீ டெய்லர் 1980-ல் டாஹோ ஏரியில் முயன்று இறந்தார், கிரெய்க் ஆர்ஃபன்ஸ் 1989-ல் புளோரிடாவில் ஓர் ஏரியில் இறந்தார். வார்பி மட்டும் 83 வயது வரை வாழ்ந்து 2023 பிப்ரவரியில் காலமானார். இது வெறும் அதிர்ஷ்டம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு ஆணியும் தான் அடித்தது என்பதால் படகு எங்கே முனகும் எங்கே நடுங்கும் என்று அந்த மனிதருக்குக் கையால் தெரிந்திருக்கும். நம் பக்கம் வள்ளம் கட்டுகிறவரைக் கேட்டுப் பாருங்கள், தான் கட்டின வள்ளம் கரைக்கு வரும் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் பலகை விட்டிருக்கிறது என்று சொல்வார். 1970, 80களில் பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே முட்டத்தில் நம் ஆட்களோடு உட்கார்ந்து கரையில் உடையும் அலையான திரையைத் தாண்டக்கூடிய பிளைவுட் வள்ளங்களைக் கட்டினாரே, அந்த வேலையும் இந்த வேலையும் ஒரே இனம். மரம், பசை, கையளவு, பொறுமை. அந்தப் பட்டறைகளில் வேலை கற்றவர்களைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

வார்பியின் படகு இப்போது சிட்னி கடல்சார் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அவருடைய மகன் டேவ், அப்பாவோடு சேர்ந்து தொடங்கிய இரண்டாவது படகில் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்.

குளச்சலிலிருந்து ஒரு வள்ளத் தொழிலாளி: எங்கள் பைபர் வள்ளத்தில் 9.9 குதிரைசக்தி எஞ்சின் இரண்டு போட்டாலும் எட்டு நாட் (மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்) தாண்டுவது பெரிய பாடு. அவர்கள் மட்டும் எப்படி 200, 250 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள்? எஞ்சின்தான் காரணமா?

எஞ்சினும் காரணம்தான் அண்ணே, ஆனால் பாதிதான். உங்கள் வள்ளம் தண்ணீரை உழுதுகொண்டு போகிறது. முன்னால் ஓர் அலையைத் தள்ளிக்கொண்டு, தானே எழுப்பின அந்த அலையில் ஏற முடியாமல் ஏறிக்கொண்டு போகிறது. எவ்வளவு பெரிய எஞ்சின் போட்டாலும் ஓர் அளவுக்கு மேல் அது எண்ணெயைத்தான் குடிக்கும், வேகம் வராது. பந்தயப் படகு தண்ணீரை உழுவதே இல்லை, மேலே ஏறி வழுக்கிப் போகிறது. சின்ன வயதில் குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அதே கதை.

ஆனால் தட்டையான அடி அமைதியான தண்ணீருக்குத்தான் சரி, கடலில் ஒவ்வொரு அலையிலும் முதுகெலும்பு உடைகிற மாதிரி அடிக்கும். இதற்கு வழி கண்டவர் ரே ஹன்ட் என்கிற அமெரிக்கர். அடிப்பாகத்தை நடு அடிக்கட்டையான ஏராவிலிருந்து இரு பக்கமும் ஆழமான வி மாதிரி, பின்பக்கமான பின்தலை வரைக்கும் சரித்துக்கொண்டு போனார். 1960-ல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நாசாவ் நகருக்கு, சுமார் 300 கிலோமீட்டர் கடல் பந்தயம். அன்றைக்குக் கடல் பயங்கரக் கொந்தளிப்பு. ஹன்ட் வரைந்த மாப்பி என்ற படகு சுமார் எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்து ஜெயித்தது. அதில் இருந்தவர்கள் டிக் பெர்ட்ரமும் சாம் கிரிஃபித்தும். அன்றிலிருந்து கடலில் ஓடும் வேகப் படகு என்றாலே அந்த அடிதான், கடலோரக் காவல் படைகளின் வேகப் படகுகளிலும் அதைப் பார்க்கலாம்.

ஏரி, ஆறு மாதிரி அமைதியான தண்ணீரில் ஓடும் ஃபார்முலா ஒன் படகு வேறு மாதிரி. இரண்டு ஒல்லியான உடல், நடுவே சுரங்கம். வேகம் எடுத்ததும் சுரங்கத்துக்குள் காற்று நெருக்கிப் படகைத் தூக்கிவிடும், கடைசியில் தண்ணீரைத் தொடுவது பின்னால் ஒரு விரற்கடையும் புரொப்பெல்லரும்தான். படகு ஆறு மீட்டர் நீளம், எடை 390 கிலோ, எஞ்சின் 400 குதிரைசக்திக்கு மேல். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகம் பிடிக்க இரண்டு விநாடி போதும். பிரேக் கிடையாது, கியர் கிடையாது. நாம் எஞ்சின் சாய்வை ஆணி மாற்றி வைப்போம், அவர்கள் ஓட்டும்போதே பட்டனால் மாற்றுவார்கள். கொஞ்சம் அதிகமாகத் தூக்கினால் காற்று அடியில் புகுந்து படகை மல்லாத்திவிடும். கேம்பலுக்கு நடந்ததும் அதுதான்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு வள்ளத்தில் பெரிய எஞ்சின் மாட்டப் போகாதீர்கள். பின்பலகை அதற்காகக் கட்டினதல்ல.

முட்டத்திலிருந்து ஒரு வாசகி: இந்தப் பந்தயத்தில் பெண்கள் யாராவது உண்டா? எழுதுகிறவர்கள் எல்லாம் ஆண்களைப் பற்றியே எழுதுகிறார்கள்.

நானும் அப்படித்தான் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. ஏனென்றால் கதையின் தொடக்கத்திலேயே ஒரு பெண்தான் இருக்கிறார். 1903-ல் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பை என்ற முதல் சர்வதேச மோட்டார் படகுப் பந்தயம் நடந்தது. நேப்பியர் படகை ஓட்டி ஜெயித்தவர் டோரத்தி லெவிட். வேகம் 31 கிலோமீட்டர்தான், ஆனால் அன்றைக்கு அது தண்ணீரில் பறப்பது மாதிரி. 1920களில் மரியன் கார்ஸ்டேர்ஸ் பிரிட்டனில் பெரிய பெயர். அமெரிக்காவின் பெட்டி குக் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு 1977-லும் 1979-லும் திறந்த கடல் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனார். திறந்த கடலில் மணிக்கணக்கில் நின்றுகொண்டே அடி வாங்க வேண்டும், இளவட்டங்களுக்கே முட்டி கழன்றுவிடும், அதை நினைத்தால் அந்த அம்மாவின் உரம் புரியும். இன்னும் கிட்டத்தில் 2015-ல் நார்வேயின் மாரிட் ஸ்ட்ரோமோய் ஷார்ஜாவில் ஃபார்முலா ஒன் படகுப் பந்தயத்தில் முதலாவதாக வந்தார், அந்தப் போட்டியில் ஜெயித்த முதல் பெண் அவர்தான். அவர் பாடகியும்கூட.

நம் கரையிலும் பந்தயத்தின் பாதி பெண்களுடையதுதான் என்று நினைக்கிறேன். வள்ளங்கள் போட்டி போட்டுக்கொண்டு வருவதே ஏலத்துக்கு முதலில் மீன் சேர வேண்டும் என்றுதான், முதல் கூறுக்குத்தான் நல்ல விலை. அந்த விலையைக் கரையில் நின்று பேசி, மீனைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு ஓடினது எங்கள் அம்மாமார். முட்டத்தில் உங்களுக்குத் தெரியாததா.

சின்னத்துறையிலிருந்து ஒரு வாசகர்: நாங்கள் பிழைப்புக்காகக் கடலில் உயிரை விடுகிறோம். ஒக்கிப் புயலில் எங்கள் ஊரில் எத்தனை வீடு இருண்டது என்று உங்களுக்கும் தெரியும். இவர்களோ விளையாட்டுக்காக, பணம் இருக்கிற திமிரில் உயிரை விடுகிறார்கள். இவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும்?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபம் நியாயமானது. 2017 நவம்பர் 30-க்குப் பிறகு உங்கள் பக்கத்துத் தேவாலயங்களில் வைத்திருந்த படங்களை நானும் வந்து பார்த்தேன். அந்தச் சாவையும் இந்தச் சாவையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை.

ஆனால் ஒரு விஷயம். டிடியே பிரோனி என்று ஒரு பிரெஞ்சுக்காரர், கார் பந்தயத்தில் ஃபெராரி ஓட்டியவர். 1982-ல் ஜெர்மனியில் நடந்த விபத்தில் இரண்டு காலும் நொறுங்கியது. கார் ஓட்ட முடியாமல் போய், கடல் பந்தயத்துக்கு வந்தார். 1987 ஆகஸ்ட் 23-ம் தேதி இங்கிலாந்தின் வைட் தீவு அருகே, ஓர் எண்ணெய்க் கப்பல் கடந்துபோன அலையில் அவருடைய கோலிப்ரி படகு ஏறிக் கவிழ்ந்தது. கூட இருந்த பெர்னார் ஜிரூ, ழான் குளோட் குவேனார் இருவரும் அவரோடு போய்விட்டார்கள். கப்பல் போன தடத்தில் எழும்பும் அலை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? இரவில் கப்பல் பாதையில் வலை போட்டுக் கிடப்பவர்கள் நீங்கள். பிரோனி இறந்த பிறகு அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. தாய் வைத்த பெயர் டிடியே, ஜில். ஒன்று அப்பாவின் பெயர், இன்னொன்று கார் பந்தயத்தில் இறந்த ஜில் வில்னவ் பெயர். அந்த ஜில் பிரோனி வளர்ந்து, மெர்சிடஸ் கார் பந்தய அணியில் பொறியாளராகி, 2020-ல் இங்கிலாந்தில் அணி ஜெயித்தபோது கோப்பை வாங்க மேடை ஏறினார். கடலில் போன தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து, அதே பெயரை வள்ளத்தின் அணியத்திலும் எழுதுகிற ஊர் நம்முடையது. அந்தத் தாயின் மனசு நமக்கு அந்நியமா?

இன்னொன்றும் உண்டு. 1990-ல் மொனாக்கோ அருகே ஸ்டெஃபானோ காசிராகி திறந்த படகில் இறந்த பிறகுதான் கடல் பந்தயத்தில் மூடிய கூண்டும் பெல்ட்டும் கட்டாயமானது. ஏரிப் படகுகளில் 1980களில் வரிசையாகப் பல பேர் இறந்தார்கள். கிறிஸ் ஹாட்ஜஸ் என்கிற ஓட்டுநர் ஆளைச் சுற்றி உடையாத பெட்டி ஒன்றைச் செய்தார், மற்றவர்கள் முதலில் ஏற்கவில்லை, பிறகு எல்லோரும் அதில்தான் உட்கார்ந்தார்கள். இப்போது அவர்கள் தலைகீழாகத் தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்த கூண்டிலிருந்து வெளியே வந்து காட்டினால்தான் பந்தயத்துக்கு விடுவார்கள். உங்கள் எஞ்சினிலேயே சிவப்பு நிறத்தில் ஒரு சுருள் கயிறு வருகிறது, ஆள் தெறித்து விழுந்தால் எஞ்சின் தானே நிற்பதற்கு. பந்தயக்காரன் அதைக் கட்டாமல் கிளம்ப மாட்டான். நம் ஆட்கள் அதை எஞ்சினிலேயே சுற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். தயவுசெய்து கையிலோ காலிலோ மாட்டுங்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. எனக்கு 17 வயதில், ஆவணி மாதம், நெத்திலி நிறைய வந்துகொண்டிருந்தோம். பக்கத்து வள்ளம் இணையாக வந்தது. எஞ்சினில் சித்தப்பா, அணியத்தில் நான். கரைக்கு முன்னால் திரைக்கு வெளியே நின்று, மூன்று திரை போகவிட்டு அடுத்த அமைதியில் ஏறுவதுதான் முறை. அன்றைக்கு இரண்டு வள்ளமும் நிற்கவில்லை. மூன்றாவது திரை பின்தலையைத் தூக்கியது, வள்ளம் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. சித்தப்பாவுக்குத் தோள் இறங்கிவிட்டது, அதன் பிறகு அவர் எஞ்சினைத் தோளில் தூக்கியதே இல்லை. எஞ்சின் உப்புத் தண்ணீரில் ஒரு இரவு கிடந்தது. மறுநாள் நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, டீசல் ஊற்றிக் கையால் இழுத்து இழுத்துச் சுற்றினோம். எடுத்த உடனே செய்திருந்தால் பிழைத்திருக்கும், எங்களுக்கு அது தெரியவில்லை. அந்த எஞ்சினை முழுக்கப் பிரித்துப் பார்த்ததில்தான் நான் மெக்கானிக் ஆனேன். கடன் அடைய இரண்டு வருடம் ஆனது.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்: இந்தியாவில் இப்படிப் பந்தயம் நடந்ததுண்டா? கன்னியாகுமரியில் நடத்தினால் சுற்றுலா வளருமே.

நடந்திருக்கிறது. ஃபார்முலா ஒன் படகுகள் 2004-ல் மும்பைக்கு வந்தன. 2017 மார்ச்சில் மும்பை மரைன் டிரைவ் கடலில் வேறொரு தொடர் நடந்தது. 2018 நவம்பரில் ஆந்திராவில் விஜயவாடாவை ஒட்டி, கிருஷ்ணா நதியில், அமராவதி என்ற பெயரில் மறுபடி ஃபார்முலா ஒன். அங்கே பிரகாசம் அணைக்கட்டு தேக்கி வைத்த தண்ணீர், அகலமாகவும் அமைதியாகவும் இருந்ததால் சரியாக அமைந்தது.

நம் ஊரில் வேண்டாம் என்பதே என் கருத்து. கன்னியாகுமரிக் கடலில் நீவாடு, அதாவது நீரோட்டம், எந்த நேரம் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது, ஆனி ஆடியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகையே அடிக்கடி நிறுத்துகிறார்கள். கரையை ஒட்டி முழுக்க வலை. பேச்சிப்பாறை அணையில் நடத்தலாமே என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அது 1906-ல் கட்டி முடித்த அணை, கட்டின பொறியாளர் மிஞ்சின் அங்கேயேதான் அடக்கமாகியிருக்கிறார். தோவாளை, கல்குளம், விளவங்கோடு வயலுக்கெல்லாம் போகிற தண்ணீரில் எண்ணெய் கலக்க நான் சம்மதிக்க மாட்டேன். அதற்குச் செலவிடும் பணத்தில் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயைத் தூர் வாருங்கள், துடுப்பு வள்ளப் போட்டி வையுங்கள், முதல் பரிசுக்கு நானே பணம் தருகிறேன்.

கீழமணக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: என் தாத்தா இளவயதில் வள்ளத்தில் போட்டி போட்டுக் கரைக்கு வந்த கதைகளைச் சொல்வார். கேம்பல் மாதிரி பெரிய ஆள் எல்லாம் இல்லை. இதையெல்லாம் எழுதி வைக்கலாமா?

இன்றைக்கே உட்காரும்மா. போனில் பதிவு செய்து பிறகு எழுதினால் போதும், தாத்தா பேசுகிற மாதிரியே எழுது, திருத்தாதே. யார் ஜெயித்தது என்பதோடு விட்டுவிடாதே. வள்ளம் கட்டியது யார், எந்த மரம், எந்த வருடம் எஞ்சின் வந்தது, ஜான்சனா யமஹாவா, பெட்ரோலில் கிளப்பி எந்த இடத்தில் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், பழுதானால் யாரிடம் கொண்டுபோவார்கள் என்று கேள். கரையை எந்தப் பனை, எந்தக் கோபுரம் வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று கேள், சுனாமிக்குப் பிறகு அந்த அடையாளங்களில் பாதி இல்லை. பாட்டி இருந்தால் அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேள், தாத்தா சொன்ன கதையில் முந்தி வந்த வள்ளம் வேறாக இருக்கும். இரண்டையும் எழுது.

முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்பு. அந்த எஞ்சின் கடைசியில் எங்கே போனது என்றும் தாத்தாவிடம் கேட்டு எழுது.